மேகம் மறைக்காத கண்

2015 டிசம்பர் 1 இரவு சென்னையில் இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அடையாறு ஜாபர்கான்பேட்டையில் எங்கள் தெருவுக்குள் வந்துவிட, கரண்ட் போய், செல்போன் செத்து, மொத்தக் குடித்தனமும் மொட்டை மாடியில். எதிர் போர்ஷன் பையன், ஆறாம் வகுப்பு, வானத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அங்கிள், சாட்டிலைட்டுக்கு நாம தெரிவோமா?” என்றான்.

“மேகம் மறைக்குமேப்பா, தெரியாது” என்றேன்.

பாதி தப்பு. கேமரா வைத்த செயற்கைக்கோளுக்குத்தான் வெளிச்சமும் தெளிந்த வானமும் வேண்டும். ரேடார் வேறு ரகம். தானே மைக்ரோவேவ் அலையை அனுப்பி, எதிரொலியை வாங்கிப் படம் போடுகிறது. ராத்திரி, மேகம் எதுவும் அதற்குப் பொருட்டில்லை. தேங்கிய தண்ணீர் கண்ணாடி போல அலையை வேறு பக்கம் திருப்பிவிடுவதால் படத்தில் கறுப்பாக விழும். (நெருக்கமான தெருக்களில் இந்தக் கணக்கு கொஞ்சம் குழம்பும்.)

அன்றைக்கும் மேலே ரேடார்கள் இருந்தன. சிக்கல், எடையும் காசும். 2014-ல் ஐரோப்பியர்கள் அனுப்பிய சென்டினல்-1ஏ சுமார் 2,300 கிலோ. அதே பாதைக்குத் திரும்பிவர 12 நாள். வெள்ளம் அதுவரை காத்திருக்குமா, சொல்லுங்கள்?

பின்லாந்தில் ஆல்டோ பல்கலைக்கழக மாணவர்கள் ஆரம்பித்த ‘ஐஸ்ஐ’ கம்பெனி இதை மாற்றியது. அவர்களின் எக்ஸ்1 செயற்கைக்கோள் 100 கிலோவுக்கும் குறைவு. அந்த எடையில் உலகின் முதல் ரேடார் செயற்கைக்கோள். சின்ன ஆன்டெனா எப்படிப் போதும்? ஓடிக்கொண்டே வாங்கும் எதிரொலிகளைச் சேர்த்துக் கணக்குப் போட்டால், பெரிய ஆன்டெனாவின் பலன் கிடைத்துவிடும். 2018 ஜனவரி 12 அன்று அதை மேலே கொண்டுபோனது நம் பி.எஸ்.எல்.வி. சென்னைக்கு வடக்கே சுமார் 80 கி.மீ.யில் உள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து! அதன்பின் அந்தக் கம்பெனி மட்டுமே நாற்பதுக்கு மேல் அனுப்பிவிட்டது.

மலிவு என்றால் மட்டம் என்று நினைக்காதீர்கள். மலிவாக இருந்தால் நிறைய அனுப்பலாம். நிறைய இருந்தால் அடிக்கடி பார்க்கலாம். வெள்ளத்தில் அந்த ‘அடிக்கடி’தான் உயிர்.

ஆனால், படம் பாதி வேலைதான். அதைப் பார்த்து யாராவது படகு அனுப்ப வேண்டுமே! அன்று எங்களை இறக்கியது மீனவர்கள் லாரியில் ஏற்றி வந்த படகு. கூச்சல் கேட்ட பக்கமெல்லாம் போனார்கள். எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் என்று அவர்கள் கையில் ஒரு படம் இருந்திருந்தால், கூச்சல் போடத் தெம்பில்லாதவர்கள் வீட்டுக்கும் போயிருப்பார்கள்.

பையன் இப்போது காலேஜ் முடித்திருப்பான். பார்த்தால் சொல்ல வேண்டும்: “தெரிவோம்டா. யாராவது பார்க்கணும், அவ்வளவுதான்.”