உறவுக் கோட்டின் ஊற்று

மைக்ரோசாஃப்ட் ஆக்சஸில் டேபிள்களை இணைத்துப் பழகியவர்களுக்கு அந்தக் கோடு தெரியும்: ஒரு முனையில் 1, மறுமுனையில் முடிவிலிக் குறி. நூலகக் கணக்கு என்றால், உறுப்பினர் டேபிளில் உறுப்பினர் எண் பிரைமரி கீ. ஒருவருக்கு ஓர் எண்தான். இரவல் டேபிளில் அதே எண் எத்தனை வரிசையிலும் வரலாம். அங்கே அது ஃபாரின் கீ. ஒன்றை இழுத்து இன்னொன்றின்மேல் விட்டு, ‘என்ஃபோர்ஸ் ரெஃபரென்ஷியல் இன்டெக்ரிட்டி’ கட்டத்தில் டிக் போட்டால்தான் அந்த இரு குறிகளும் தோன்றும். அதன்பிறகு, பட்டியலில் இல்லாத எண்ணுக்குப் புத்தகம் கொடுத்ததாக எழுதப் பார்த்தால் ஆக்சஸ் ஏற்காது. டிக் இல்லையென்றால் வெறும் கோடு, காவல் கிடையாது.

இந்தக் காவலை யோசித்தது யார் என்று பின்னோக்கிப் போனேன். ஆக்சஸ் வெளியானது 1992இல். அதற்கு முந்தைய டிபேஸில் கோப்புகளை இணைக்கும் கட்டளை இருந்தது. தப்பான எண்ணைத் தடுப்பது நிரல் எழுதுபவர் பாடு. எஸ்க்யூஎல் மொழியின் 1986 தரநிலையிலும் இந்த இரு கீகளும் இல்லை, 1989இல்தான் சேர்ந்தன. ஆனால் இரண்டு பெயர்களும் 1970 ஜூன் மாதமே ‘கம்யூனிகேஷன்ஸ் ஆஃப் தி ஏசிஎம்’ இதழில் அச்சாகிவிட்டன. எழுதியவர் எட்கர் காட். ஐபிஎம்மின் சான் ஹோசே ஆய்வகத்தில் இருந்தவர்; ஆக்ஸ்ஃபோர்டில் கணிதம் படித்தவர், இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையில் விமானி.

பதினொரு பக்கம்தான். நிதானமாக வாசித்தால், எதை எதிர்த்து எழுதினார் என்பது துலங்குகிறது. அன்றைய தரவுத்தளங்களில் பல, கிளைகிளையாக அடுக்கப்பட்டவை. காட் எடுத்துக்கொண்ட உதாரணம் உதிரிபாகங்களும் திட்டங்களும். பாகத்தின் கீழே திட்டத்தை வைக்கலாம், திட்டத்தின் கீழே பாகத்தையும் வைக்கலாம். இப்படி ஐந்து அமைப்புகளைக் காட்டுகிறார். ஓர் அமைப்புக்கு எழுதிய நிரல், அமைப்பு மாறினால் படுத்துவிடும். எது மேலே, எது கீழே என்ற வழக்கே வேண்டாம், ஓர் அட்டவணையின் மதிப்பு இன்னோர் அட்டவணையில் நிற்பதே உறவுக்குப் போதும் என்ற அவருடைய எண்ணம் இன்றைக்கும் என்னைச் சிலிர்க்க வைக்கிறது. பதிவு வட்டில் எங்கே கிடக்கிறது என்ற கவலை பயனருக்கு இல்லை. உறுப்பினர் எண் தெரிந்தால் போதும். காவலை ஒரு விதியாகவே தன் 1979 கட்டுரையில் எழுதிவைத்தார்.

அவர் சொன்னதில் முக்கியமான ஒன்று மட்டும் ஆக்சஸுக்கு வந்து சேரவில்லை. ஒவ்வொரு ஃபீல்டின் மதிப்புகளும் ஒரு ‘டொமைன்’, அதாவது மதிப்புக் களத்திலிருந்து வருபவை என்பது காட்டின் அடிப்படை. ஆக்சஸ் பார்ப்பதோ தரவு வகையை மட்டும்: இந்தப் பக்கம் ஆட்டோநம்பர் என்றால் அந்தப் பக்கம் லாங் இன்டிஜர். டேபிள்கள் காலியாக இருக்கும்போது உறுப்பினர் எண்ணைப் புத்தக எண்ணோடு இணைத்தாலும் மறுக்காது. இரண்டும் வேறு வேறு பொருளைச் சுட்டுபவை என்று அதற்குத் தெரிய வழியில்லை. அதனால்தான் கீ ஃபீல்டுகளுக்கு வெறுமனே ‘ஐடி’ என்று பெயரிடாமல், இரண்டு டேபிள்களிலும் ‘உறுப்பினர்_எண்’, ‘புத்தக_எண்’ என்று முழுசாக எழுதிவைக்கிறேன்.