ஒரு சங்கத்தில் சேர்ந்ததும் விலகியதும்

அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்துத் துப்பாக்கிச் சங்கம் ஒன்றில் இரண்டு வருஷம் நான் உறுப்பினனாக இருந்தேன் என்று சொன்னால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்க விஷயம் இருக்கத்தான் செய்கிறது. வங்கி கவுண்டரில் உட்கார்ந்து டி.டி. விண்ணப்பங்களைச் சரிபார்ப்பவன், மாலையில் கவிதை விமர்சனம் எழுதுகிறவன், எங்கள் கிளைக் காவலரின் தோளில் தொங்கும் இரட்டைக் குழலைக்கூட ஒரு நாளும் தொட்டுப் பார்க்காதவன். சேர்ந்ததற்குக் காரணம் கேட்டவர்களுக்கு அவ்வப்போது ஒவ்வொன்றாகச் சொல்லி வந்திருக்கிறேன். விலகியதற்குக் காரணத்தை யாரும் கேட்கவில்லை. இரண்டையும் சேர்த்துச் சொல்லிப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

சங்கத்தின் பெயர் நேஷனல் மஸில் லோடிங் ரைஃபிள் அசோசியேஷன். குழல்வாய் வழியாக மருந்தும் குண்டும் போட்டுக் கெட்டிக்கிற பழைய துப்பாக்கிகளுக்கான சங்கம். 1931இல் ஒஹையோ மாநிலத்துப் போர்ட்ஸ்மத் நகரில் பழைய துப்பாக்கிக்காரர்கள் சிலர் கூடிப் போட்டி வைத்தார்கள். அதிலிருந்து 1933இல் சங்கம் பிறந்தது. 1939 முதல் ‘மஸில் ப்ளாஸ்ட்ஸ்’ என்று ஒரு பத்திரிகை. தென்கிழக்கு இண்டியானாவில் ஃப்ரெண்ட்ஷிப் என்கிற சின்னஞ்சிறு ஊரில் வால்டர் க்ளைன் பெயரில் மைதானம். வருஷத்தில் இரண்டு முறை, கோடையிலும் செப்டம்பரிலும், தேசியப் போட்டிகள். ஊரின் பெயர் நட்பு. அங்கே நாள் முழுக்கத் துப்பாக்கிச் சத்தம். இது மாதிரி முரண்களைப் பார்த்தால் நமக்கு உடனே கவிதை எழுதத் தோன்றும். நான் எழுதவில்லை.

போனது 2019 செப்டம்பரில். அக்காவின் பிரசவத்துக்குப் போயிருந்த அம்மாவைத் திரும்ப அழைத்து வருவதற்காகப் போனேன். அக்கா வீட்டுக்காரர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், கொலம்பஸ் என்ற ஊரில் டீசல் எஞ்சின் கம்பெனியில் பொறியாளர். அவர் கூட வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு கிழவர், ‘உன் மைத்துனன் சும்மாதானே இருக்கிறான், வரச் சொல்’ என்று எங்களை அழைத்துப் போனார். மியூசியம் மாதிரி ஒன்றை எதிர்பார்த்துத்தான் போனேன்.

அதற்கு முன்னால் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பச்சைமலை அடிவாரத்தில் எங்களுக்கு மூன்றரை ஏக்கர். கடலை, மரவள்ளி. இரண்டுமே காட்டுப்பன்றிக்கு மிகவும் பிடித்தவை. அப்பாவிடம் லைசென்ஸ் உள்ள நாட்டுத் துப்பாக்கி ஒன்று இருந்தது. லைசென்ஸ் புத்தகத்தில் எஸ்.பி.எம்.எல். என்று எழுதியிருக்கும், ஒற்றைக் குழல், வாய்வழி கெட்டிப்பது. நோக்கம் என்ற இடத்தில் பயிர்ப் பாதுகாப்பு. தோட்டாத் துப்பாக்கி வாங்க வசதியில்லாதவனின் ஆயுதம் அது. பன்றியைச் சுடுவது வனவிலங்குச் சட்டப்படி குற்றம் என்பதால் அப்பா பெரும்பாலும் ரவை போடவே மாட்டார். மருந்து போட்டு, தேங்காய் நாரை உருண்டையாக்கிக் கம்பியால் இடித்து, கேப்பைச் செருகி, வானத்தைப் பார்த்துச் சுடுவார். மலையில் பட்டுச் சத்தம் திரும்பி வரும். பன்றிகள் அன்று ராத்திரி போகும், மறுநாள் வரும். மறுநாள் காலையில் அப்பா குழலைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் வைத்துக்கொண்டு கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றுவார். மையைக் கரைத்தது போல் கறுப்புத் தண்ணீர் ஓடும். அழுகிய முட்டையின் நாற்றம். கந்தகம். கருமருந்து எரிந்த கசடு ஈரத்தை இழுக்கும்; ஒரு நாள் விட்டாலும் குழல் துருப்பிடித்துவிடும். பிறகு தேங்காயெண்ணெய் நனைத்த துணியைக் கம்பியில் சுற்றி உள்ளே விடுவார். பிள்ளைகள் யாரையும் அந்த வேலையைச் செய்ய விட்டதில்லை.

2016இல் சட்டமன்றத் தேர்தல் அறிவித்ததும் வழக்கம்போல் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கி வந்தார். ஓட்டுப் போடும் நாளுக்கு முன்பே இறந்துபோனார். துப்பாக்கி ஸ்டேஷனிலேயே இருந்துவிட்டது.

ஃப்ரெண்ட்ஷிப் மைதானத்தில் நான் முதலில் பார்த்தது வேஷங்களை. மான்தோல் சட்டை, கொம்பில் செய்த மருந்துக்குடுவை, நரித்தோல் தொப்பி. மைதானத்தின் ஒரு பகுதி ‘ப்ரிமிடிவ்’ வகைக்காரர்களுக்கு. அவர்களுக்குக் காலம் 1840-ஐத் தாண்டக்கூடாது. ராக்கி மலைத் தோல் வியாபாரிகள் வருஷா வருஷம் கூடிய சந்தை கடைசியாக நடந்தது அந்த வருஷம்தான். கித்தான் கூடாரம், இரும்புச் சட்டி, விறகடுப்பு. இந்தக் கூட்டத்தைக் கிண்டல் செய்வது சுலபம். முதல் ஒரு மணி நேரம் மனசுக்குள் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். இதே இண்டியானாவில் 1811இல் டிப்பகனூவில் ஷானிகளின் ஊரை எரித்தது இது போன்ற துப்பாக்கிகளை வைத்துத்தான். அதையும் நினைத்துக்கொண்டேன். இப்படிப்பட்ட நினைவுகள் நம்மை மேலானவர்களாக உணரச் செய்கின்றன. அது ஒரு சௌகரியம்.

கிழவர் தன் துப்பாக்கியைக் கொடுத்து என்னைச் சுடச் சொன்னார். பென்ஸில்வேனியாவில் குடியேறிய ஜெர்மன் கொல்லர்கள் பதினெட்டாம் நூற்றாண்டில் செய்த நீளக்குழல் துப்பாக்கியின் நகல். சக்கிமுக்கிக் கல் வைத்தது. மருந்தை அளந்து ஊற்றி, எச்சிலில் நனைத்த துணித்துண்டில் ஈயக் குண்டைப் பொதிந்து, கம்பியால் அடிவரை தள்ள வேண்டும். குதிரையை இழுத்துவிட்டு விசையை அழுத்தினால் கல் இரும்பில் உரசிப் பொறி பறக்கிறது, கிண்ணி மருந்து பற்றுகிறது, அதிலிருந்து நெருப்பு துவாரம் வழியாக உள்ளே போகிறது, அதற்குப் பிறகுதான் வெடி. இவ்வளவுக்கும் கொஞ்சம் நேரம் ஆகிறது. அந்த நேரம் முழுக்கக் கை அசையாமல் இருக்க வேண்டும். ‘சுட்டுவிட்டோம் என்று மனசு நினைத்த பிறகும் குறி பார்த்துக்கொண்டே இரு’ என்றார் கிழவர். என் குண்டு அட்டையிலேயே படவில்லை. வெள்ளைப் புகை கலையும் வரை ஒன்றும் தெரியவில்லை.

சேர்ந்ததற்குக் காரணம் இது எதுவுமில்லை. சாயங்காலம் கூடாரங்களுக்கு வெளியே ஆட்கள் குழல்களைச் சாய்த்து வைத்துக்கொண்டு வெந்நீர் ஊற்ற ஆரம்பித்தார்கள். அதே கறுப்புத் தண்ணீர், அதே நாற்றம். ஏழெட்டுப் பேர், வரிசையாக, பேசாமல். மாமாவிடம் அங்கேயே பணம் கொடுத்து என் பெயரில் ஒரு வருஷச் சந்தா கட்டச் சொன்னேன். ‘உனக்கென்னடா பைத்தியமா’ என்றார். கட்டினார். பத்திரிகை அவர் வீட்டுக்கு வரும்; சேர்த்து வைத்து, ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புவார்.

இன்னொரு காரணமும் உண்டு, நண்பர்களிடம் சொல்லாதது. அப்பாவின் லைசென்ஸை என் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும் என்று அப்போது ஓர் எண்ணம். நிலத்தைக் குத்தகைக்கு விட்டாகிவிட்டது; பயிர்ப் பாதுகாப்பு என்று நான் எழுத முடியாது. விளையாட்டு என்று எழுதலாம். சங்க அட்டையின் நகலை இணைத்தால் எடுபடும் என்று கணக்குப் போட்டேன். குமாஸ்தா புத்தி.

அமெரிக்காவில் இதற்கு அட்டை தேவையில்லை என்பது வேடிக்கை. 1968ஆம் வருஷத்து அவர்களுடைய கூட்டரசுச் சட்டப்படி வாய்வழி கெட்டிக்கிற பழைய மாதிரித் துப்பாக்கி துப்பாக்கியே அல்ல, பழம்பொருள். தபாலில் வரவழைக்கலாம். நம் சட்டத்தில் அது முழுத் துப்பாக்கி. காரணத்தைத் தேடினால் 1878ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்துக்குப் போக வேண்டும், இன்னும் பின்னால் 1801இல் பாளையக்காரர்களைத் தோற்கடித்த கையோடு தெற்கே கும்பெனி ஆயுதங்களைப் பறித்ததற்குப் போக வேண்டும். கருமருந்தில் நூற்றுக்கு எழுபத்தைந்து பங்கு வெடியுப்பு. ஐரோப்பாவின் யுத்தங்களுக்கு அந்த உப்பைக் கப்பல் கப்பலாக அனுப்பியது பீகார் மண். உப்பைக் கொடுத்தவனுக்கு லைசென்ஸ், வாங்கியவனுக்குப் பழம்பொருள்.

பத்திரிகைகளை மதியச் சாப்பாட்டு நேரத்தில் வங்கியில் வைத்துப் படித்தேன். கொம்பைச் சீவுவது எப்படி, பழைய கொல்லன் ஒருவனின் முத்திரையை அடையாளம் காண்பது எப்படி. நல்ல எழுத்து, தெரிந்ததை மட்டும் எழுதுகிறவர்களின் எழுத்து. நம்மிடம் அபூர்வம். ஆனால் இந்த உலகத்தைப் பிளந்திருந்த சண்டையைப் பற்றி எனக்குச் சொன்னது பத்திரிகையல்ல, கிழவர்.

1985இல் டோனி நைட் என்பவர் ‘இன்-லைன்’ என்ற மாதிரியைக் கொண்டுவந்தார். பக்கவாட்டில் இல்லாமல் குழலுக்கு நேர் பின்னாலிருந்து நெருப்பு போகும். பார்க்க நவீன வேட்டைத் துப்பாக்கி போலவே இருக்கும்; வாய்வழி கெட்டிக்க வேண்டும் என்பது மட்டும்தான் மிச்சம். பல மாநிலங்களில் வாய்வழித் துப்பாக்கிக்காரர்களுக்கென்று தனி வேட்டைப் பருவம் ஒதுக்கியிருந்தார்கள். கஷ்டமான கருவி என்பதால் கொடுத்த சலுகை. அந்தச் சலுகைக்குள் புதிய கருவி நுழைந்துவிட்டது. பென்ஸில்வேனியா 1974இல் சக்கிமுக்கிக்கு மட்டும் என்றே ஒரு பருவம் ஏற்படுத்தியது வேறு கதை. கிழவர் தன் வட்டாரத்தில் இருந்த சிறிய சங்கம் ஒன்றில் முப்பது வருஷம் இருந்தவர். இன்-லைனை அனுமதித்த கூட்டத்திலேயே எழுந்து வெளியே வந்துவிட்டாராம். அவருடைய நண்பர் ஒருவர் வேறொரு சங்கத்திலிருந்து நேர் எதிரான காரணத்துக்காக விலகினார்: சட்டைப் பொத்தான் கொம்பா பிளாஸ்டிக்கா என்று பார்க்க ஆரம்பித்தார்களாம். மற்றபடி ஜனங்கள் சேர்வது தாத்தாவின் துப்பாக்கிக்காக, விலகுவது கண் மங்கியதற்காக.

இந்த இதழின் வாசகர்களுக்கு இது எங்கே போகிறது என்று தெரிந்திருக்கும். நானும் அங்கேதான் போனேன். 1959இல் ‘எழுத்து’ வந்த பிறகு யாப்பை விட்டவர்கள் அதை விடக் கடினமான ஒன்றைத் தேடி விட்டார்கள். பின்னால் வந்தவர்களுக்கு யாப்பின்மை சலுகையாகக் கிடைத்தது. ஆகவே இன்-லைன்தான் இன்றைய புதுக்கவிதை என்று ஒரு கட்டுரை பாதி வரை எழுதினேன். உவமை கச்சிதமாகப் பொருந்தியது. கச்சிதம்தான் சந்தேகத்தைக் கொடுத்தது. நான் கிழவரின் பக்கம், தூய்மையின் பக்கம் என்று எழுதிக்கொண்டு போகையில் அப்பாவை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அப்பா 1840-ல் நின்றவர் அல்ல. அதற்கு மேல் வாங்கக் காசில்லாதவர். ஒரு தோட்டாத் துப்பாக்கி கிடைத்திருந்தால் அன்றைக்கே இதை மூலையில் போட்டிருப்பார். இன்-லைன் கிடைத்திருந்தால் கும்பிட்டு வாங்கியிருப்பார். மரபு என்று நான் கொண்டாட வந்த பொருள் அவருக்கு வேறு வழியில்லாமை. ஆனால் அதையும் முழுசாகச் சொல்லிவிட முடியவில்லை. வேறு வழியில்லாதவன் ரவை போடாத துப்பாக்கியை அவ்வளவு சிரத்தையாக ஏன் கழுவ வேண்டும்? கட்டுரையைக் கிழித்துப் போட்டேன்.

நான் உறுப்பினனாக இருந்த ஓர் இலக்கிய வட்டமும் அந்த நாட்களில்தான் உடைந்தது. எது கவிதை அல்ல என்பதில் எல்லோருக்கும் ஒத்த கருத்து இருந்தது, ஆகையால் பேச ஒன்றுமில்லாமல் போயிற்று. அதைப் பற்றி வேறொரு சமயம்.

2021 தேர்தலை ஒட்டி, உரிமையாளர் இறந்த துப்பாக்கிகளைப் பற்றி முடிவு சொல்லச் சொல்லிக் கடிதம் வந்தது. விண்ணப்பப் படிவத்தை வாங்கி வந்து நோக்கம் என்ற கட்டத்தில் விளையாட்டு என்று எழுதினேன். அடுத்த வரி ஓடவில்லை. வானத்தைப் பார்த்துச் சுட்டுவிட்டு, இருட்டில் காதைத் தீட்டிக்கொண்டு, பன்றி போயிற்றா என்று வரப்பில் நின்ற மனுஷனின் பொருளை அட்டையைக் குறி பார்க்க எடுத்து வருவது நடக்கிற காரியமாகப் படவில்லை. அந்த மாசம் சங்கச் சந்தா முடிந்தது. மாமா வாட்ஸப்பில் கேட்டார். வேண்டாம் என்று சொன்னேன். ‘அப்பவே சொன்னேன்’ என்றார்.

ஒப்படைப்புக் கடிதத்தோடு ஸ்டேஷனுக்குப் போன அன்று, எழுத்தர் பின்னறையிலிருந்து துப்பாக்கியை எடுத்துவந்து மேஜைமேல் வைத்தார். கட்டையில் ஐந்து வருஷத் தூசி. சீட்டு நம்பர் கட்டியிருந்த நூல் இற்றுப் போயிருந்தது. யாரும் பார்க்காத சமயம் சுண்டுவிரலைக் குழல்வாயில் விட்டேன். உள்ளே வழவழவென்று இருந்தது. விரலை எடுத்து முகர்ந்தேன். சிக்குப் பிடித்த தேங்காயெண்ணெய்.

ரசீதில், ‘பழைய நாட்டுத் துப்பாக்கி ஒன்று, துருப்பிடித்தது’ என்று எழுதிக் கையெழுத்துக் கேட்டார். பதிவில் ஒரு காற்புள்ளி தப்பாக இருந்தாலும் லெட்ஜரைத் திருப்பி அனுப்புகிறவன் நான். போட்டுக் கொடுத்துவிட்டு, பஸ் பிடித்து, மதியத்துக்குள் கவுண்டருக்கு வந்து சேர்ந்தேன்.