பிரெஞ்சு வகுப்பின் நியமங்கள்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் உயர்நிலைப் பள்ளிகளிலே பிரெஞ்சு மொழியின் மேல்வகுப்பிற் சேரும் மாணாக்கர்க்கு, முதல் நாளன்றே நியமத் தாள் ஒன்று கொடுக்கப்படுவது வழக்கம். மாணாக்கரும் பெற்றோரும் அதனைப் படித்துக் கையொப்பமிட்டுத் திருப்பித் தருதல் வேண்டும். எம் தந்தையார் அலுவலின் பொருட்டு லூயிசியானா மாகாணத்தில் வசித்த காலத்தே, யாமும் அத்தகைய தாள் ஒன்றைப் பெற்றோம். அதிற் கண்டவற்றையும், அதன்கீழ் ஓராண்டு பயின்று யாம் அறிந்தவற்றையும் அன்பர்கட்கு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

தாளின் பெரும்பகுதி எப்பள்ளியிலும் காணக்கூடியதே. மணியடிக்குமுன் அமர்தல், குறிப்பேடு கொணர்தல், வீட்டுப்பாடத்தைக் காலந்தவறாது முடித்தல் முதலியவற்றை ஈண்டு விரிக்க வேண்டுவதில்லை. மொழிபெயர்க்கும் கணிப்பொறியைக் கொண்டு கட்டுரை எழுதலாகாது என்பது ஒரு விதி. அதனை மீறுவோர் தப்புதல் அரிது. 'நேற்று நான் போகிறேன்' என்று வகுப்பிற் பேசிய மாணாக்கன், மறுநாள் அரிய வினைவடிவங்களையெல்லாம் பிழையற எழுதிக் கொணர்வானாயின், 'இவ்வினை இவ்வுருவம் பெற்றது ஏன்?' என்று ஆசிரியர் ஒரு வினா வினவினாற் போதும். அவன் முகமே விடை கூறிவிடும்.

ஆயின் தாளின் நடுவே, தடித்த எழுத்தில், வேறொரு விதி இருந்தது. வகுப்பின் வாயிலைக் கடந்தபின் பிரெஞ்சு மொழியன்றிப் பிறிதொன்றும் பேசலாகாது. நாள்தோறும் வாய்திறந்து பேசுவதற்கென மதிப்பெண்ணில் ஐந்திலொரு பங்கு ஒதுக்கப்படும் என்பதே அது.

இவ்விதிக்குத் தக்க காரணம் உண்டு. அவ்வகுப்பின் முடிவிற் காலேஜ் போர்டு என்னும் அமைப்பு நடத்தும் 'அட்வான்ஸ்டு பிளேஸ்மெண்ட்' பரீட்சை காத்திருக்கின்றது. 1955 முதல் நடந்துவரும் அப்பரீட்சைத் திட்டத்தில் 1 முதல் 5 வரை மதிப்பு அளிப்பர். 3-ம் அதற்கு மேலும் பெற்றோர்க்குக் கல்லூரிகள் பல பாடச்சலுகை தருகின்றன. யாம் எழுதிய முறைப்படி, பதிவு செய்யப்பட்ட ஒரு குரலுக்கு ஐந்து முறை மறுமொழி கூறல் வேண்டும். ஒவ்வொரு மறுமொழிக்கும் 20 விநாடியே. பின்னர்ப் பிரெஞ்சு வழங்கும் நாடு ஒன்றன் பழக்கவழக்கத்தைத் தன் ஊர் வழக்கத்தோடு ஒப்பிட்டு, 4 நிமிஷம் சிந்தித்து, 2 நிமிஷம் பேசல் வேண்டும். மனத்துள் ஆங்கிலத்தில் எண்ணி அதனைப் பெயர்த்துக்கொண்டிருப்பவனுக்கு 20 விநாடி எம்மாத்திரம்! தாய்மொழியை விலக்கிக் கற்பிக்கும் இம்முறை புதியதுமன்று. 1878-இல் பிராவிடன்ஸ் நகரிற் பள்ளி தொடங்கிய பெர்லிட்ஸ் என்பவரால் அது பெரும்புகழ் பெற்றது.

முதல் மாதம் யாம் பட்ட இடர் கொஞ்சமன்று. பதினாறு வயதில் எதனைப்பற்றியும் வாதிக்க வல்லோமென்று எண்ணியிருந்த யாம், அவ்வறையுட் புகுந்தவுடன் மூன்று வயதுக் குழவியாகிவிடுவோம். குடை என்பதற்குச் சொல் தெரியாதபோது, 'மழைக்காலத்திற் கையில் ஏந்துவது, மேலே அகன்றது, கீழே கோல் உடையது' என்று சுற்றிவளைத்துச் சொல்லல் வேண்டும். இச்சுற்றிவளைப்பே அவ்வகுப்பில் யாம் கற்ற சிறந்த கலை என்பது எம் அபிப்பிராயம். அகராதியை மனப்பாடஞ் செய்தவர் ஒரு சொல்லை மறந்தால் நின்றுவிடுவர். வளைத்துச் சொல்லப் பழகினவர் நில்லார். 'எவ்வாறு சொல்வது?' எனப் பொருள்படும் 'கொமான் தித்தோன்' என்னுந் தொடர் மட்டும் யாவர் நாவிலும் சரளமாக வந்தது. அதன் பின்னே ஓர் ஆங்கிலச் சொல்லை ஒட்டிக்கொள்ளலாம் அன்றோ? விதி என்னும் மதிலில் அஃதொரு சிறு திட்டிவாயில்.

தமிழ் பேசும் வீட்டிலிருந்து சென்ற எமக்குச் சில எளிமைகளும் இருந்தன. நீ, நீங்கள் என்னும் வேறுபாட்டை யொத்த 'த்யூ', 'வூ' என்னும் வேறுபாடு ஆங்கிலப் பிள்ளைகளை மயக்கிற்று, எம்மை மயக்கவில்லை. 'லே' என்னும் சொல்லும் 'அமி' என்னும் சொல்லும் அடுத்து வருங்கால் இடையே ஓரொலி தோன்றி 'லேஸமி' ஆகும் என்று ஆசிரியர் வியப்போடு விளக்கியபோது, புணர்ச்சி விதிகளிலே வளர்ந்த யாம் சிறிதும் வியந்திலோம். 'மரம்' என்பதன் ஈற்றை உலகவழக்கில் மூக்கால் முடிக்கும் நம்மவர்க்கு அவர்தம் மூக்கொலிகளும் அரியனவல்ல. மேசையும் நாற்காலியும் பெண்பால், புத்தகம் ஆண்பால் என்பதுதான் இன்றளவும் எம் மனத்திற்கு ஒவ்வாதது. அஃறிணைப் பொருள்கட்கு இத்துணைக் கௌரவம் எதற்கோ!

இனி, எம்முடன் பயின்ற மாணவி ஒருத்தியைப்பற்றிக் கூறல் வேண்டும். எம் அனைவரினும் பிரெஞ்சு மொழியை நன்குணர்ந்தவள் அவளே. ஆயினும் வகுப்பிற் பேசாதிருந்தவளும் அவளே. அவள் கேஜன் என்னும் இனத்தவள். 1755 முதற் கனடாவின் கீழ்க்கரையிலுள்ள அக்கேடியாவினின்று ஆங்கிலேயரால் துரத்தப்பட்ட பிரெஞ்சு மக்களுட் பலர் லூயிசியானாவின் சதுப்புநிலங்களிற் குடியேறினர். அவர்தம் வழிவந்தோரே கேஜன்கள். பாட்டியிடம் கேட்ட சொற்களை அவள் வகுப்பிற்குக் கொணர்வாள். மோட்டார் வண்டியை 'ஷார்' என்பாள். இறாலை 'ஷெவ்ரெத்' என்பாள். ஆசிரியரோ, 'வுவாத்யூர்' என்க, 'கிரெவெத்' என்க என்று திருத்துவார். அவர் கடிந்து பேசினாரல்லர், புன்னகையோடுதான் திருத்தினார். ஆயினும் நான்கைந்து முறை திருத்தப்பட்டபின் அவள் வாய்மூடிக்கொண்டாள். ஐந்திலொரு பங்கு மதிப்பெண்ணும் வாரந்தோறும் கரைந்துகொண்டே வந்தது.

அம்மாகாணத்தின் முன்னைய வரலாற்றை அறிந்தோர்க்கே இம்மௌனத்தின் கனம் விளங்கும். 1921-இல் இயற்றப்பட்ட மாகாண அரசியலமைப்பு, பொதுப்பள்ளிகளில் ஆங்கிலமே போதனா மொழி என விதித்தது. வீட்டில் பிரெஞ்சு மட்டுமே அறிந்த சிறுவர் பள்ளியில் வாய்தவறி அதனைப் பேசின் தண்டிக்கப்பட்டனர். 'பள்ளி எல்லைக்குட் பிரெஞ்சு பேசேன்' என்று பன்முறை எழுதுமாறு பணிக்கப்பட்டவர் பலர். அங்ஙனம் நாணுற்று வளர்ந்தோர் தம் மக்களிடத்து அம்மொழியைப் பேசாது விட்டனர். பின்னர், 1968-இல், அம்மாகாண அரசே பிரெஞ்சு மொழியை வளர்த்தற்கென ஒரு கழகம் நிறுவி, பிரான்சு, பெல்ஜியம், கனடா முதலிய நாடுகளினின்று ஆசிரியர்களை வரவழைக்கலாயிற்று. எம் ஆசிரியரும் அவ்வாறு பெல்ஜியத்தினின்று வந்தவரே.

பெல்ஜியத்தவர் எழுபதைச் 'செப்தாந்த்' என்பர். பிரான்சு தேசத்தாரோ அறுபத்துப்பத்து எனப் பொருள்படச் 'சுவசாந்த் தீஸ்' என்பர். தை மாதத்தில் ஒருநாள், எம் ஆசிரியர் தம் இயல்பாய்ச் 'செப்தாந்த்' என்றார்; பாடநூலிலோ மற்றையது இருந்தது. அப்போது அம்மாணவி எழுந்து, விதி வழுவாது பிரெஞ்சு மொழியிலேயே, "மெஸ்யூ, தாங்கள் சொல்லுவது பிரெஞ்சாயின், என் பாட்டி சொல்லுவது யாது?" என்று வினவினாள். ஆசிரியர் சிறிதுநேரம் பேசவில்லை. பிறகு பலகையில் 'வுவாத்யூர்', 'ஷார்' என இரண்டையும் எழுதி, ஒவ்வொன்றன் பக்கத்தும் அது வழங்கும் இடத்தின் பெயரைக் குறித்தார். அன்றுமுதல் அப்பலகையின் ஓரம் அத்தகைய சொற்களுக்கென விடப்பட்டது. அதனை நிரப்பியவள் பெரும்பாலும் அவளே.

பிரெஞ்சே பேசுக என்னும் விதியை யாம் குறைகூறவில்லை. அஃதின்றேல் யாம் ஒரு வாக்கியமும் பேசக் கற்றிரோம். ஆயின் எந்தப் பிரெஞ்சு என்பதனை அத்தாள் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமென எவரும் எண்ணவுமில்லை. பேச அஞ்சி மௌனமாயிருப்பவனையும், பேசி நாணமுற்று மௌனமாயிருப்பவனையும் ஒரே மதிப்பெண்ணால் அளத்தல் தகாது என்பதே எம் துணிபு.

பரீட்சை நெருங்கிய சித்திரை மாதத்தில், பேசிப் பழகும்பொருட்டு அம்மாணவியுடன் இரண்டு சனிக்கிழமைகளில் அவள் பாட்டியார் வீட்டிற்குச் சென்றோம். எழுபது கடந்த அம்மூதாட்டியார் திண்ணையில் அமர்ந்து இறால் உரித்துக்கொண்டே விரைந்து பேசுவார். பாதி எமக்கு விளங்காது. 'த்யூ' என்பதனை உதட்டை ஊகாரத்திற்குக் குவித்து, நாவை ஈகாரத்திற்கு வைத்து ஒலிக்குமாறு எமக்குப் பொறுமையோடு காட்டியவர் அவரே. பிரெஞ்சு மொழியில் ஓரெழுத்தும் படிக்க அறியார். யாம் எழுதிய கட்டுரையை வாசித்துக் காட்டினோம். "இப்பிள்ளை கடிதம் போலப் பேசுகின்றதே" என்று பேத்தியிடம் கூறி நகைத்தார்.

அவரும் சிறுவயதில் அவ்வாக்கியத்தை எழுதியவரே என்று பேத்தி கூறக் கேட்டு, எத்தனை முறை எழுதினீர்கள் என யாம் வினவினோம். எண்ணிக்கை நினைவில்லை என்றார். வாக்கியம் ஆங்கிலத்தில் இருந்ததாம். தாம் எழுதுவது யாதெனத் தெரியாமலே பலகையைப் பார்த்துப் பார்த்து எழுதினாராம். அதன் பொருளை அன்று மாலை அவர்தம் தமையனார் சொல்லியே அறிந்தாராம். அவர் அதனைச் சொன்னதும் பிரெஞ்சிலேதான்.