நீலக்கால்

ஜப்பானுக்குப் போய்வரும் நண்பர்கள் இப்போதெல்லாம் தாங்களே செய்த ஏதாவது ஒன்றைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவருகிறார்கள். கனசாவாவில் பொன்தகடு ஒட்டிய சிமிழ், மஷிகோவில் பிடித்த கோணல் கிண்ணம், எச்சிசெனில் கூழைச் சலித்து எடுத்த காகிதம். எல்லாம் ஒன்றிரண்டு மணி நேர வேலை. கடினமான பகுதியை அங்குள்ளவர்கள் முன்பே முடித்திருப்பார்கள். யார் செய்தாலும் கெடாத பகுதியை நமக்கென்று விட்டுவைத்திருப்பார்கள். எங்கள் மென்பொருள் துறையில் இதற்கு டெமோ என்று பெயர். இருபது வருடமாக டெமோ காட்டிப் பிழைப்பவன் நான். அதனால் எந்த டெமோவைப் பார்த்தாலும் திரைக்குப் பின்னால் யார் வியர்த்தார்கள் என்றுதான் கண் தேடும்.

போன வருடம் ஒசாக்காவில் மூன்று வாரம் வேலை இருந்தது. கடைசி வாரம் பள்ளி விடுமுறை என்பதால் மெல்பேர்னிலிருந்து மனைவியும் பதினான்கு வயது மகளும் வந்து சேர்ந்தார்கள். உடைந்த பாத்திரத்தைப் பொன்னால் ஒட்டும் கின்சுகி வகுப்புக்குக் கியோட்டோ போகலாம் என்றாள் மகள். நான் தொகுஷிமாவுக்கு நீலச் சாயம் தோய்க்கப் போகலாம் என்றேன். ஏன் என்று அவளிடம் சொல்லவில்லை.

ஒசாக்காவிலிருந்து பேருந்தில் ஏறினால் கடல்மேல் பாலம், அவாஜி தீவு, மறுபடியும் பாலம், பிறகு தொகுஷிமா. நகரத்துக்குச் சற்று வெளியே ஐசுமி என்ற ஊரில் 'ஐ நோ யகாத்தா' என்றொரு அருங்காட்சியகம் இருக்கிறது. ஒகுமுரா என்ற நீல வணிகக் குடும்பத்தின் பழைய மாளிகை அது. கைக்குட்டையை மடித்து, ரப்பர் வளையம் போட்டு, சாயத் தொட்டியில் முக்கச் சொல்லித் தருகிறார்கள். வயதான ஒரு பெண்மணி எங்களுக்குக் கையுறை கொடுத்தார். மகள் ஐந்து நிமிடத்தில் அதைக் கழற்றிவிட்டாள்.

தொட்டியின் மேலே நீலமும் செம்பும் கலந்த நுரை. அதைப் பூ என்கிறார்கள். சாயம் உயிரோடு இருப்பதற்கு அதுதான் அடையாளம். துணியை முக்கி எடுத்தால் முதலில் பச்சையும் மஞ்சளுமாக, பாசி பிடித்ததுபோல் இருக்கிறது. காற்றுப் படப்பட, கண்ணெதிரிலேயே நீலமாகிறது. நீலம் தண்ணீரில் கரையாத பொருள். சாம்பல் காரத்தில் நுண்ணுயிர்கள் அதைக் கரையும் நிலைக்குக் கொண்டுவருகின்றன. நூலுக்குள் புகுந்தபின் காற்றிலுள்ள ஆக்சிஜன் அதை மறுபடியும் கரையாததாக்கிவிடுகிறது. வேதியியலாகச் சொன்னால் இவ்வளவுதான். என் மகள் வாயைத் திறந்தபடி நின்றாள். மொத்தம் பத்து நிமிடம் இருக்கும்.

அந்தப் பத்து நிமிடத்துக்குப் பின்னால் ஒரு வருடம் இருக்கிறது. யோஷினோ ஆறு அடிக்கடி வெள்ளம் எடுத்து நெல்லைக் கெடுத்த வண்டல் நிலத்தில், புயற்காலத்துக்கு முன்பே அறுத்துவிடக்கூடிய பயிராக நீலச்செடி வேரூன்றியது. கோடையில் அறுத்த இலையைக் காயவைத்து, செப்டம்பரில் மண்தரைக் கொட்டகைக்குள் குவிக்கிறார்கள். அந்தத் தரைக்குப் படுக்கை என்று பெயர். நீர் தெளித்து, ஏறக்குறைய ஐந்து நாளுக்கு ஒருமுறை முழுக் குவியலையும் புரட்டிப் போடுகிறார்கள். சுமார் நூறு நாள் இது நடக்கிறது. குவியல் அறுபது, எழுபது டிகிரிவரை கொதிக்கும். அமோனியா கண்ணைக் கரிக்கும். குளிர் வந்ததும் வைக்கோல் பாயால் போர்த்துகிறார்கள். முடிவில் கிடைக்கும் கரிய மட்கு சுகுமோ. சாயக்காரர் அதைச் சாம்பல் நீர், தவிடு, சுண்ணாம்பு, சாக்கே சேர்த்துப் புளிக்கவைத்த பிறகுதான் எங்கள் கைக்குட்டைக்கு வேலை.

இலையைச் சுகுமோ ஆக்குபவர் ஐஷி. எந்த நாள் எவ்வளவு நீர் தெளிக்க வேண்டும் என்று குவியலைத் தொட்டும் முகர்ந்தும் தீர்மானிப்பவர் மிசுஷி. இரண்டிலும் வரும் 'ஷி' ஆசான் என்பதற்கான எழுத்து. நீர் தெளிப்பதற்கும் ஆசான். அருங்காட்சியகத்தில் இந்த வேலைகளையெல்லாம் சின்னப் பொம்மைகள் செய்துகொண்டிருந்தன. குனிந்து இலை புரட்டும் பொம்மை ஒன்றின் முன்னால் நான் அதிக நேரம் நின்றேன்.

என் அப்பாவின் அப்பா திண்டிவனம் பக்கம் அவுரித் தொட்டியில் வேலை செய்தவர். நம் ஊர் முறை வேறு. அவுரியைத் தழையோடு அறுத்து மேல்தொட்டியில் ஊறப்போட்டு, மறுநாள் அந்த நீரைக் கீழ்த்தொட்டிக்கு இறக்குவார்கள். ஆட்கள் வரிசையாக இறங்கி நின்று காலால் உதைத்து உதைத்து நீரில் காற்றைக் கலக்க வேண்டும். பச்சை நீர் நீலமாகி, கசடு அடியில் தங்கும். அதைக் காய்ச்சி, வடிகட்டி, அழுத்தி, கட்டிகளாக அறுப்பார்கள். தொகுஷிமாச் செடி வேறு குடும்பம், நம் அவுரி வேறு குடும்பம். இரண்டிலும் இருக்கும் நீலம் ஒன்றே.

தாத்தாவை நான் பார்த்ததில்லை. ஆனால் எங்கள் வீட்டுக்கு ஊரில் 'நீலக்கால் வீடு' என்று பெயர். தொழிலைச் சொல்லி, அதன் வழியாக நாங்கள் யார் என்பதையும் சொல்லிவிடும் பெயர். அப்பா படித்து அரசு வேலைக்குப் போய், ஊரைவிட்டு வந்து, அந்தப் பெயரை எங்கள் காதில் விழாமல் பார்த்துக்கொண்டார். எனக்கே அது ஒரு கல்யாணப் பந்தியில், யாரோ யாரிடமோ சொன்னபோதுதான் தெரியவந்தது. நீரை உதைத்தவருக்கு நம் ஊரில் கிடைத்தது பட்டப்பெயர். நீரைத் தெளித்தவருக்கு அங்கே கிடைத்தது பட்டம்.

இப்படிச் சொல்லி முடித்துக்கொள்ள ஆசைதான். ஆனால் அந்த நீலமும் அவ்வளவு சுத்தமானதில்லை. 1756இல், நீலத்தின் மேல் விழுந்த வரியும் கெடுபிடியும் தாங்காமல் அந்தப் பகுதி விவசாயிகள் கிளர்ச்சிக்குத் திட்டமிட்டார்கள். விஷயம் முன்பே வெளியாகிவிட்டது. ஐந்து தலைவர்களைக் கொன்றார்கள். பிற்காலத்தில் அந்த ஐவரும் கோயிலில் தெய்வமானார்கள். கொன்றவனைப் பயந்து, கொல்லப்பட்டவனைக் கும்பிடுவது நமக்குப் புதிதல்ல. நம் எல்லைச்சாமிகளில் பாதிப்பேரின் கதை அதுதான். வங்காளத்தில் 1859இல் எழுந்த அவுரிக் கலகத்தையும், 1917இல் காந்தி போன சம்பாரணையும் இந்த ஐவரோடு சேர்த்து வைத்துப் பார்த்தால், நீலம் விளைந்த இடமெல்லாம் விளைத்தவன் கை வெறுங்கையாகத்தான் இருந்திருக்கிறது.

மெய்ஜி காலத்தில் விலை குறைந்த இந்திய நீலம் ஜப்பானுக்குள் வந்து தொகுஷிமாவை நெருக்கியது. 1897இல் பிஏஎஸ்எஃப் நிறுவனம் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்ததும் இரண்டு ஊர்களும் சேர்ந்து விழுந்தன. இரண்டாம் உலகப்போரில் உணவுப் பயிருக்காக நீலச் சாகுபடியைத் தடுத்தபோது, விதை அழிந்துவிடாமல் இருக்க ஒரு குடும்பம் ரகசியமாகக் கொஞ்சம் பயிரிட்டுக் காப்பாற்றியது. 1978இல் அரசு சுகுமோ தயாரிப்பைக் காக்க வேண்டிய நுட்பமாக அறிவித்தது. அதற்குள் ஐஷிகள் ஒரு சிலரே மிஞ்சியிருந்தார்கள். தொழில் சாகக் கிடந்த பிறகே மரியாதை வந்தது என்றும் சொல்லலாம். ஆனாலும் வந்தது.

பயணிகளுக்கான இந்தப் பட்டறைகளைக் கேலி செய்வது சுலபம். கைக்குட்டை தோய்த்தவர் யாரும் சாயக்காரர் ஆகிவிடுவதில்லை. ஆனால் வெளியே வரும் வழியில் உள்ள கடையில் ஒன்றைக் கவனித்தேன். மகள் ஒரு நீலத் துண்டை எடுத்து, விலைச் சீட்டைப் பார்த்தாள். வழக்கமாகச் சொல்லும் 'டூ மச்' அவள் வாயிலிருந்து வரவில்லை. "இதை எத்தனை தடவை முக்கியிருப்பாங்கப்பா?" என்று கேட்டாள். டெமோவால் முடிந்தது அவ்வளவுதான். அது குறைவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. திண்டிவனம் பக்கம் இன்றும் அவுரித் தொட்டிகள் ஓடுகின்றன, ஆட்கள் இறங்கி உதைக்கிறார்கள். அந்தக் கட்டிகள் வெளிநாட்டு ஜீன்ஸ்களுக்குப் போகின்றன. அந்த உதைக்கு என்ன கூலி என்று கேட்கும் பழக்கம், ஒருமுறையாவது கை நனைத்தவருக்கே எளிதில் வரும்.

அன்று இரவு விடுதியிலிருந்து அப்பாவுக்கு வீடியோ அழைப்பு போட்டோம். நான் தடுப்பதற்குள் மகள் பத்து விரல்களையும் திரைக்கு நேரே நீட்டினாள்.

"தாத்தா, பாருங்க. சோப்பு போட்டும் போகல."

அப்பா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"தோல்ல இருக்கறது ரெண்டு மூணு நாள்ல போயிடும்மா" என்றார். "நகத்துல ஏறினது போகாது. நகம் வளர்ந்து, வெட்டி வெட்டித்தான் போகும். எங்கப்பாவுக்குக் கால் நகம் கடைசிவரைக்கும் போகல."

எங்கள் வீட்டில் அவர் அதைச் சொன்னது அதுவே முதல் தடவை.