ஏரியும் இல்லமும் விரும்பிய பயிற்சியாளர்

‘நல்ல குடும்பத் தலைவர்’ என்னும் சொற்களை அடக்கத் திருப்பலிகளில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அச்சொற்களுக்கு உண்மையில் என்ன பொருள் என்று என்னை எண்ண வைத்தவர், 2023 மார்ச் 11-ஆம் நாள் தமது 95-ஆம் வயதில் அமெரிக்காவில் காலமான பட் கிராண்ட்.

1927-இல் விஸ்கான்சின் மாநிலத்தில், சுப்பீரியர் ஏரிக்கரையில் உள்ள அதே பெயருடைய நகரில் பிறந்தவர் அவர். கடல் போன்ற அந்த ஏரியின் அருகே வளர்ந்த சிறுவனை இளம்பிள்ளை வாதம் தாக்கி, ஒரு காலை நலிவடையச் செய்தது. கால் வலுப்பெறவேண்டிப் பெற்றோர் அவனை விளையாட்டில் ஊக்கினர். பின்னாளில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் மூன்று விளையாட்டுகளில் சிறந்து விளங்கியவன் அதே சிறுவன்தான். 1950-இல் கூடைப்பந்தில் வாகை சூடிய மினியாபொலிஸ் லேக்கர்ஸ் அணியிலும் அவர் இருந்தார். அவ்வணியின் பெயர் அம்மாநிலத்தில் மலிந்த ஏரிகளைக் குறித்தது. 1960-இல் லாஸ் ஏஞ்சல்சுக்குக் குடிபெயர்ந்தபோதும் அப்பெயரைக் கைவிடவில்லை என்பது வேடிக்கையே!

ஏரி அவருக்கு இன்பத்தை மட்டும் தரவில்லை. 1940 நவம்பர் 11 அன்று, இதமாக விடிந்த பொழுது திடீரெனப் பனிப்புயலாக மாறியது. ஏரிகளுக்கு வாத்து வேட்டையாடச் சென்றிருந்தோர் பலர் குளிரில் விறைத்து மாண்டனர். 13 வயதுக் கிராண்டும் அன்று வேட்டைக்குச் சென்றிருந்தார்; உயிர் தப்பினார். அதன் பின்னரும் தூண்டிலையும் படகையும் அவர் துறக்கவில்லை. விஸ்கான்சின் காட்டுப்பகுதியில் அவருக்கிருந்த சிறு இல்லம், முதுமை வரை அவரை அழைத்துக்கொண்டே இருந்தது.

அவர் புகழ் பெற்றது அமெரிக்கக் கால்பந்தில். முட்டைவடிவப் பந்தைக் கையிலேந்தி, எதிரியை மோதி வீழ்த்தும் முரட்டு ஆட்டம் அது. கனடாவில் வின்னிபெக் அணியின் பயிற்சியாளராக நான்கு முறை கிரே கோப்பையை வென்றார். 1962-இல் நடந்த இறுதியாட்டத்தில் ஒன்டாரியோ ஏரியிலிருந்து எழுந்த மூடுபனி ஆட்டக்களத்தையே மறைத்துவிட, ஆட்டம் மறுநாள்தான் முடிந்தது. வின்னிபெக் ஒரே ஒரு புள்ளியில் வென்றது.

1967-இல் மினசோட்டா வைக்கிங்ஸ் அணியை ஏற்றார். உறையும் குளிரிலும் ஆட்டக்காரர்கள் அமரும் இடத்தில் கணப்பு வைக்க இசையாத கண்டிப்பானவர். 1970, 1974, 1975, 1977 ஆகிய நான்கு ஆண்டுகளில் சூப்பர் பௌல் இறுதியாட்டத்திற்கு அணியை அழைத்துச் சென்றார்; நான்கிலும் தோல்வி. வேறொருவராயின் நொறுங்கிப்போயிருப்பார்.

அவரிடம் நான் பெரிதும் மதிப்பது வேறொன்று. அலுவலகத்திலேயே படுத்துறங்கும் பயிற்சியாளர்கள் மலிந்த அத்தொழிலில், அவர் மாலையில் வீடு திரும்புவதை வழக்கமாகக் கொண்டிருந்தார். பிற அணிகள் கோடைப் பயிற்சியைத் தொடங்கிய பின்னரே தம் அணியைக் கூட்டினார். வீட்டில் ஆறு பிள்ளைகள். அவர்களுள் ஒருவர் தந்தையின் வழியே பயிற்சியாளரானார். பிள்ளைகளுக்காகவே உழைக்கிறேன் என்று கூறி, அவர்கள் உறங்கிய பின் வீடு சேரும் தந்தையர் நம்மிடையேயும் உளர். அவர்களை நான் குறை கூறவில்லை. ஆலை வேலையின் நேரம் அவர்கள் கையில் இல்லை. ஆனால் நேரம் தம் கையில் இருப்பவர்களுமா?

1984 சனவரியில், 56 வயதில், இன்னும் வெல்லக்கூடிய நிலையிலேயே கிராண்ட் ஓய்வு பெற்றார். மறுபருவம் அணி சீர்குலைந்ததால் 1985-இல் ஓராண்டு மட்டும் திரும்பி வந்தார். பிறகு மீண்டும் ஏரிக்கே சென்றார். 1950-இல் கைப்பிடித்த மனைவியை 2009-இல் இழந்தார். 2018-இல் மகன் ஒருவரையும் அடக்கம் செய்ய நேர்ந்தது. பெற்றோர்க்கு அதனினும் கொடிய துயர் ஏது?

முதுமையில் தம் வீட்டு வண்டிக்கொட்டகையில், தாம் பயன்படுத்திய தூண்டில்களையும் வேட்டைப் பொருள்களையும் விற்பனைக்குப் பரப்பிவைப்பது அவருடைய வழக்கமாயிற்று. ஊரார் வரிசையில் நின்று வாங்கினர். தொண்ணூறு வயதைக் கடந்த கிழவர் அங்கமர்ந்து, கேட்டவர்க்கெல்லாம் கையொப்பமிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்.