நான் வரைந்த குறுக்குப் பாதை

சித்திரம் எழுதுகிறவனை மயக்குவதற்கு “நல்லாயிருக்கிறது” என்ற ஒரு சொல் போதும். அச்சொல் காதில் விழுந்தவுடன் அவன் தூரிகையைக் கழுவி வைத்துவிடுகிறான். தன் படத்தில் திருத்துவதற்கு இனி ஒன்றுமில்லை என்று எண்ணிக் கொள்ளுகிறான். நாற்பது ஆண்டுகளாகப் படம் வரைந்து சீவனம் செய்யும் நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தைக் கலைத்தவர்கள் கலை விமர்சகர்கள் அல்லர். பத்து வயது நிரம்பாத பன்னிரண்டு சிறுவர் சிறுமியரும், தன் பேரனை வீட்டுக்கு அழைத்துப் போக வந்த ஒரு மூதாட்டியுமே அதைச் செய்தார்கள்.

நான் வசிப்பது ஓமந்தையில். கண்டி வீதியிலே, வவுனியா நகருக்கு வடக்கே உள்ள இந்த ஊரின் பெயரை அறியாத ஈழத்தமிழர் அரியர். 2002ஆம் ஆண்டிலே போர் நிறுத்தம் ஏற்பட்டு வீதி திறக்கப்பட்டபோது, சோதனைச் சாவடி இங்கேதான் அமைந்தது. மூட்டை முடிச்சுகளோடு வெயிலில் வரிசையாக நின்றவர்களுக்கு ஓமந்தை என்றால் அந்தச் சாவடியே இன்றும் நினைவுக்கு வரும். போர் 2009இல் முடிந்தது. 2011இல் புகைவண்டி மறுபடியும் ஓமந்தை வரைக்கும் ஓடியது. 2014இல் யாழ்ப்பாணத்தை எட்டியது. சாவடியும் இன்று இல்லை. எஞ்சியிருப்பது ஊரின் பழைய செல்வமாகிய குளமும், குளத்தை நம்பிய வயலும், வயலை நம்பிய குடிகளுமே.

நான் இவ்வூருக்குப் பிந்தி வந்தவன். 1990இல் வடக்கே போகும் புகைவண்டி நின்றுபோன காலத்திலே தெற்கே சென்று, பாடப் புத்தகங்களுக்கும் விளம்பரப் பலகைகளுக்கும் படம் எழுதிக் காலத்தைக் கழித்தேன். தலை நரைத்த பிறகுதான் இங்கே வந்து குடியேறினேன். இந்தச் செய்தியை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் நான் செய்த தவறுக்கு இதுவே காரணம்.

சென்ற ஆவணி விடுமுறைக்குச் சற்று முன்னர், மேல் வகுப்பு மாணவர் அறுவர் என் வீட்டுக்கு வந்தார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக அவர்கள் ஓர் அட்டை விளையாட்டு உண்டாக்கியிருந்தார்கள். தாயக்கட்டையை உருட்டிக் காய் நகர்த்தி ஆடுவது. குளம் எவ்வாறு நிறைகிறது, துருசு எதற்காக, வாய்க்கால் நீரை எவ்வாறு பங்கிட வேண்டும் என்பனவற்றைச் சிறுவர்கள் விளையாட்டாகவே கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவர்களுடைய நோக்கம். மேல் வயற்காரன் நீர் முழுவதையும் எடுத்துக்கொண்டால் கீழ் வயல் காயும். கட்டைப் பார்க்க ஒருவரும் போகாவிட்டால், மாரி மழையில் கட்டு உடைந்து நால்வரும் தோற்பார்கள். ஒருவர் தனியாக வெல்ல முடியாத விளையாட்டு அது. கேட்டவுடன் எனக்குப் பிடித்துப்போயிற்று.

“விதியெல்லாம் எழுதிப்போட்டம், சேர். படம் மட்டும் நீங்கள் கீறித் தரவேணும்” என்றாள் குழுவின் தலைவியாக இருந்த பெண்.

ஒரு மாத காலம் அதிலேயே மூழ்கிக் கிடந்தேன். குளக்கட்டிலே மருதமரங்கள், நீரிலே தாமரை, வயலோரத்திலே கொக்குகள் என்று தீட்டினேன். கட்டங்களின் இலக்கங்களை இலைகளுக்கும் பூக்களுக்கும் இடையே அழகாகப் பொருத்தினேன். துருசைக் கருங்கல் வேலைப்பாட்டோடு எழுதினேன். கிராமத்திலிருந்து குளத்துக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று வயலைச் சுற்றிச் செல்லும் நீண்ட பாதை. மற்றது காட்டை ஊடறுத்துச் செல்லும் குறுக்குப் பாதை. ஆறு விழுந்தவர் குறுக்குப் பாதையாற் போகலாம் என்பது மாணவர் எழுதிய விதி. அந்தப் பாதை பிள்ளைகளின் கண்ணில் உடனே பட வேண்டும் அல்லவா? பச்சை நிறத்தின் நடுவே கண்ணைக் கவர்வதற்குச் சிவப்பைப் போன்ற நிறம் வேறில்லை என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. ஆகவே பாதையின் இருபுறமும் சிறிய கட்டைகளை நட்டு, அவற்றின் தலைகளுக்குச் சிவப்பு வர்ணம் பூசினேன்.

வாசிகசாலை விறாந்தையிலே முதற் பரீட்சை நடந்தது. பன்னிரண்டு பிள்ளைகள் நால்வர் நால்வராக மூன்று குழுக்களாய் அமர்ந்து ஆடினார்கள். ஆட்டம் முடிந்ததும் மாணவர்கள் ஒவ்வொருவரிடமும் அபிப்பிராயம் கேட்டு அப்பியாசக் கொப்பியிலே எழுதினார்கள். பன்னிரண்டு பேரும் ஒரே விடையைத்தான் சொன்னார்கள்: “நல்லாயிருக்கு.” படங்களைப் பற்றிக் கேட்டபோது, “நல்ல வடிவு” என்றார்கள். என் உள்ளம் குளிர்ந்தது.

தலைவிக்கு மாத்திரம் திருப்தியில்லை. “நாங்கள் பெரியாக்கள் எண்டு மரியாதைக்குச் சொல்லுதுகள், சேர்” என்றாள். பின்பு தான் படித்த ஒரு செய்தியைச் சொன்னாள். அமெரிக்காவிலே 1969ஆம் ஆண்டில் ‘செசமி ஸ்ட்ரீட்’ என்ற சிறுவர் தொலைக்காட்சி நிகழ்ச்சியை ஆரம்பித்தபோது, எட்வர்ட் பாமர் என்ற உளவியலாளர் குழந்தைகளிடம் அபிப்பிராயம் கேட்பதோடு நின்றுவிடவில்லை. நிகழ்ச்சி ஓடும் பெட்டிக்குப் பக்கத்தில் வேறொரு திரையை வைத்து, அதிலே சில விநாடிகளுக்கு ஒருமுறை புதிய படம் விழும்படி செய்தார். குழந்தையின் கண் எந்த இடத்தில் நிகழ்ச்சியை விட்டுப் பக்கத்துத் திரைக்குப் போகிறதோ அந்த இடம் பலவீனமானது என்று குறித்துக்கொண்டார். ஒளிபரப்புக்கு முன்னரே பல பகுதிகள் இவ்வாறு திருத்தப்பட்டன.

“நாங்களும் கேக்காமல் பாப்பம், சேர்” என்றாள் அவள்.

இரண்டாம் நாள் அவ்வாறே செய்தோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிள்ளைகளின் பின்னால் இருந்து அவர்களுடைய கைகளையும் கண்களையும் மாத்திரம் கவனித்தோம்.

என் பெருமை ஒவ்வொன்றாகக் கழன்றது. நான் பூவுக்குள் மறைத்த இலக்கங்களைத் தேடிப் பிள்ளைகள் அட்டையின்மேல் மூக்கு முட்டக் குனிந்தார்கள். இரண்டு முறை காய் தவறான கட்டத்துக்குப் போயிற்று, சண்டையும் மூண்டது. கருங்கல் வேலைப்பாட்டோடு நான் எழுதிய துருசைச் சுட்டி, ஒரு சிறுமி அருகிலிருந்தவளிடம் “இது கிணறோ?” என்று கேட்டாள். துருசு எது என்று கற்பிப்பதற்காகவே உண்டாக்கிய விளையாட்டிலே அதைக் கிணறாகத் தோன்றும்படி வரைந்தவன் நான். இவையெல்லாம் சிரித்துக்கொண்டே திருத்தக்கூடிய பிழைகள். சிரிக்க முடியாத பிழை வேறொன்று இருந்தது.

குறுக்குப் பாதையை அநேகமாக ஒருவரும் பயன்படுத்தவில்லை. ஆறு விழுந்தபோதும் வயலைச் சுற்றியே காயை நகர்த்தினார்கள். ஒரு சிறுவன் குறுக்குப் பாதையின் வாயிலில் காயை வைத்துச் சற்று யோசித்து, பின்வாங்கி, நீண்ட வழியிலே கட்டங்களை எண்ணத் தொடங்கினான். விதியை விளங்கிக்கொள்ளவில்லை என்று மாணவர்கள் குறித்தார்கள். நிறம் போதவில்லையோ, இன்னும் சற்றுச் சிவப்புத் தீட்ட வேண்டுமோ என்று நான் எண்ணினேன்.

ஆட்டம் முடிந்தபின் அந்தச் சிறுவனை அழைத்து, “ஏன் தம்பி, கிட்டிய வழியிருக்கச் சுற்றிப் போனீர்?” என்று கேட்டேன்.

அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, “அதுக்குள்ள போகக் கூடாது, சேர்” என்றான். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

அவனை அழைத்துப் போவதற்காக விறாந்தைப் படியிலே காத்திருந்த மூதாட்டி எழுந்து வந்தார். அட்டையை நெடுநேரம் உற்றுப் பார்த்தார்.

“தம்பி, குறை நினையாதேங்கோ” என்று தொடங்கினார். “சிவப்புக் கட்டை நட்ட இடத்துக்குள்ள சின்னப் பிள்ளையளை ஏன் போகச் சொல்லிக் கீறியிருக்கிறியள்? இவன்ர தாய் ஆறு வருசம் மிதிவெடி எடுக்கிற வேலைக்குப் போனவள். அந்தக் கட்டையைக் கண்டால் வந்த வழியாலேயே திரும்ப வேணும் எண்டு சொல்லித்தான் இவனை வளர்த்தது.”

என் கையிலிருந்த கொப்பி தானாகவே மூடிக்கொண்டது.

மிதிவெடி அகற்றுவோர் ஆபத்தான நிலத்தின் எல்லையிலே செந்நிறக் கட்டைகளை நட்டு வைப்பார்கள். இலங்கையின் வடக்கிலே 2002இல் ஆரம்பித்த அந்தப் பணி, 2009இன் பின் பெருமளவில் நடந்தது. வன்னியிலே போரிற் கணவனை இழந்த பெண்கள் பலர் இந்த வேலையினாலேயே குடும்பத்தைக் காத்தார்கள். கடும் வெயிலிலே, கனத்த காப்பு உடையும் முகமூடியும் அணிந்து, முழந்தாளிட்டு, நிலத்தை அங்குலம் அங்குலமாக வறண்டியாற் சுரண்டிக்கொண்டு முன்னேறினார்கள். மிதிவெடிகளைத் தடை செய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017ஆம் ஆண்டு சேர்ந்தது. அதன்படி நாட்டைத் துப்புரவாக்குவதற்கு 2028ஆம் ஆண்டு யூன் மாதம் எல்லையாகும். ஆகவே இது முடிந்துபோன பழங்கதையன்று. இவற்றையெல்லாம் நான் பத்திரிகையிலே படித்திருந்தேன். ஆனால் படித்தவனுடைய கைக்கு அது தெரியவில்லை. என் கைக்குச் சிவப்பு ஓர் அலங்காரம். அந்தப் பிள்ளைக்கு அது தாயின் கட்டளை.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. பிள்ளைகள் பயந்தார்களே என்பதைவிட, பயப்படாத பிள்ளை ஒன்று இருந்திருந்தால் என்ற எண்ணமே என்னை வருத்தியது. வேற்றூரிலிருந்து வந்த ஒரு சிறுவன், தாயிடம் இதைக் கேட்டறியாதவன், என் படத்தை நம்பிச் செங்கட்டைப் பாதை சுருக்கமானது என்று கற்றுக்கொண்டு காட்டுக்குள் நடந்தால்? விளையாட்டிலே கற்றது மனத்தில் ஆழப் பதியும் என்பதற்காக அல்லவா இம்மாணவர்கள் பாடத்தை விளையாட்டாக்கினார்கள்? சரியான பாடத்தைப் போலவே பிழையான பாடமும் ஆழமாகத்தான் பதியும்.

மறுநாள் மாணவர்களுக்குள் பெரிய விவாதம் நடந்தது. “சிவப்பை அழித்துவிட்டு வேறு நிறம் பூசினாற் போதும்” என்றான் ஒருவன். “செங்கட்டைக்குள் போனவர் ஆட்டத்தை இழப்பார் என்று விதியை மாற்றுவோம்” என்றான் மற்றொருவன். தலைவி அதை ஒப்புக்கொள்ளவில்லை. அங்கே ஆடவரும் பிள்ளைகளின் வீட்டிலே காலையோ உயிரையோ இழந்தவர் இருக்கலாம். அதைத் தாயக்கட்டை உருட்டி ஆடும் விளையாட்டாக்க முடியாது என்றாள். அவள் சொன்னதே எனக்கும் சரியாகப் பட்டது.

நான் அவர்களுக்கு ‘ஒரிகன் ட்ரெயில்’ என்ற புகழ்பெற்ற கல்வி விளையாட்டின் கதையைச் சொன்னேன். 1971இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திலே, ஆசிரியப் பயிற்சியிலிருந்த மூன்று மாணவர்கள் அதை ஆக்கினார்கள். அவர்களுள் ஒருவராகிய டொன் ராவிட்ஷ் முதலில் எண்ணியதும் நம்முடையதைப் போன்ற அட்டை விளையாட்டே. தோழர்கள் இருவரும் அதனைக் கணினிக்கு மாற்றினார்கள். அக்காலக் கணினியில் திரைகூட இல்லை. தாளிலே எழுத்துக்கள் அச்சாகி வரும். படம் ஒன்றுமில்லாமலே பிள்ளைகள் அதைச் சூழ்ந்துகொண்டார்கள். பிள்ளைகளுக்குப் பிடித்துவிட்டது என்று ராவிட்ஷ் அதை அப்படியே விட்டுவிடவில்லை. சில ஆண்டுகளின் பின், அவ்வழியே உண்மையாகப் பயணஞ்செய்த மக்களின் நாட்குறிப்புகளைப் படித்து, நோயும் மழையும் விபத்தும் எவ்வளவுக்கு நேர்ந்தன என்று பார்த்து விளையாட்டைத் திருத்தினார்.

“எங்களுக்கு நாட்குறிப்பு இல்லையே, சேர்” என்றான் ஒருவன்.

“ஆச்சிமார் இருக்கினமே” என்றாள் தலைவி.

அன்று மாலையே அந்த மூதாட்டியின் வீட்டு முற்றத்திலே அட்டையை விரித்து வைத்தோம். காட்டுப் பாதையே வேண்டாம் என்றார் அவர். மாடு போகும் தடத்தைக் குறுக்குப் பாதையாக்கலாமா என்று நான் கேட்டேன். “மாடு போன இடமெல்லாம் மனிசர் போகேலாது, தம்பி” என்று தடுத்துவிட்டார். ஊரார் நாள்தோறும் சைக்கிளிற் போய்வரும் குளக்கட்டுப் பாதையையே குறுக்குப் பாதையாக்கும்படி சொன்னார். துருசைப் பற்றியும் கேட்டோம். கட்டிலிருந்து நீருக்குள் நீளும் ஒடுங்கிய நடைபாதையையும், அதன் முனையிலே கதவைத் திருகும் சக்கரத்தையும் கைகளால் காட்டினார். நான் அவ்வளவு நாளும் குளத்தருகே இருந்தும் குளத்தைப் பார்க்கவில்லை என்பது அப்போது விளங்கிற்று.

படத்தை முற்றாகப் புதிதாக எழுதினேன். இலக்கங்கள் பெரியனவாகி, பூக்களுக்கு வெளியே வந்தன. குளக்கட்டிலே சைக்கிள் தடம் விழுந்தது. அலங்காரம் குறைந்துபோயிற்று, பழைய அட்டைதான் பார்வைக்கு அழகு என்பதை மறுக்கமாட்டேன்.

மூன்றாம் பரீட்சையிலே அந்தச் சிறுவனுக்கு ஆறு விழுந்தது. அவன் ஒருவரையும் கேட்காமல், நான்கு கட்டங்களைத் தாண்டிக் குளக்கட்டின்மேல் காயைக் கொண்டுபோய் வைத்தான். பக்கத்திலிருந்த சிறுமி துருசைச் சுட்டி, “இதைத் திறவுங்கோ, என்ர வயல் காயுது” என்று கூவினாள். விளையாட்டில் குறைகள் இன்னும் உண்டு. முதலில் வயலுக்கு நீர் பாய்ச்சியவர் நெடுநேரம் சும்மா இருக்க வேண்டியிருக்கிறது. அதை மாணவர்கள் திருத்திக்கொண்டிருக்கிறார்கள்.

பழைய அட்டையை நான் எறிந்துவிடவில்லை. என் மேசைக்கு மேலே சுவரில் மாட்டியிருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்து, “நல்லாயிருக்கிறது” என்கிறார்கள். நான் அவர்களுக்கு ஒரு கதிரையைப் போட்டு அமரச் செய்து, அந்தச் சிவப்புக் கட்டைகளின் கதையைச் சொல்லுகிறேன்.