மூச்சு விட நேரமில்லை

"ரெண்டு வருஷமா மூச்சுப் பயிற்சி, யோகா, தெரபின்னு என்னமோ பண்ணிட்டிருக்கியே, அதெல்லாம் நிஜமாவே வேலை செய்யுதா?" இந்தக் கேள்வியை இந்த மாசம் மட்டும் நாலு பேர் கேட்டாச்சு. நாலு பேருமே பெண்கள். நாலு பேருமே "ஒரு ஃப்ரெண்டுக்காகக் கேக்கறேன்"னுதான் ஆரம்பிச்சாங்க. (அந்த ஃப்ரெண்டு யாருன்னு நமக்குத் தெரியாதா என்ன!) தனித்தனியா பதில் டைப் அடிச்சுக் கை வலிக்குது. ஒரே பதிவாப் போட்டுட்டா அடுத்த தடவை சுட்டியை மட்டும் குடுத்துடலாம்ல? அதான் இது.

டிஸ்கி: நான் டாக்டர் இல்ல, பொட்டி தட்டிப் பிழைக்கிறவ. மருந்து விஷயத்துக்கு டாக்டரைப் பாருங்க, என் பதிவைப் பாக்காதீங்க.

மொதல்ல நோய். இன்டர்வ்யூவுக்கு முன்னாடி வயித்தைக் கலக்குமே, அதைச் சொல்லல. அது எல்லாருக்கும் வரும், போயிடும். காரணமே இல்லாம, இல்லேன்னா தம்மாத்தூண்டு காரணத்துக்கு, மாசக்கணக்குல விடாம இருக்கறதுதான் பதற்ற நோய். தூக்கம் போகும், வேலை ஓடாது, தோள்பட்டை கல்லு மாதிரி இறுகிக் கிடக்கும். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2021ல உலகம் முழுக்க 35.9 கோடிப் பேருக்கு இது இருந்திருக்கு. ஆண்களை விடப் பெண்களுக்கு ஏறக்குறைய ரெண்டு மடங்கு வருது. ஹார்மோன், வீட்டுக்குள்ள நடக்கற வன்முறை, தலைமேல ஏத்தி வச்சிருக்கற சுமைன்னு காரணம் பல. ஒண்ணை மட்டும் கைகாட்ட முடியாது.

மனசும் உடம்பும் ஒண்ணுன்னு வெளிநாட்டுக்காரன் வந்து நமக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்ல. நம்ம பேச்சுலயே இருக்கு. பயம் வந்தா என்ன சொல்றோம்? நெஞ்சு படபடங்குது, அடிவயிறு கலங்குது, கை கால் உதறுது, தொண்டை அடைக்குது, ஈரக்குலை நடுங்குது. எல்லாமே உடம்பு! அதனாலயே நம்ம ஊர்ப் பெண்கள் நேரா மனநல மருத்துவர்கிட்டப் போறதில்ல. நெஞ்சுக்கு ஒரு டாக்டர், வயித்துக்கு ஒரு டாக்டர், தலைசுத்தலுக்கு ஒரு டாக்டர்.

என் கதையும் அதேதான். ஒரு ரிலீஸ் நேரத்துல ராத்திரி நெஞ்சு அடிச்ச அடியில ஹார்ட் அட்டாக்னு முடிவே பண்ணிட்டேன். ஈசிஜி நார்மல். "கேஸ்மா, நேரத்துக்குச் சாப்பிடு"ன்னார் ஒரு டாக்டர். "கல்யாணம் ஆனா சரியாயிடும்"னார் இன்னொருத்தர். (அதை மருந்துச் சீட்டுல எழுதிக் குடுத்திருந்தா ஃப்ரேம் போட்டு மாட்டியிருப்பேன்.) மூணாவதாப் பாத்த டாக்டரம்மாதான் தைராய்டும் ஹீமோகுளோபினும் பாக்கச் சொன்னாங்க. இது முக்கியம் மக்களே. தைராய்டு அதிகமாச் சுரந்தாலும், ரத்தசோகை இருந்தாலும் இதே படபடப்பு வரும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வுப்படி இந்தியாவுல 15லேர்ந்து 49 வயசுக்குள்ள இருக்கற பெண்கள்ல 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆக, மூச்சுப் பயிற்சிக்கு முன்னாடி ஒரு ரத்தப் பரிசோதனை. எனக்கு ரெண்டும் நார்மல். அப்புறம்தான் மனநல மருத்துவர்.

அம்மா கேட்ட மொதல் கேள்வி, "யாருக்கும் தெரியாதுல்ல?" கீழ்ப்பாக்கம்ங்கற ஊர்ப் பேரையே காமெடி வசனமாக்கி வச்சிருக்கற ஊர்ல அம்மாவை மட்டும் குத்தம் சொல்ல முடியாது. டாக்டர் ஒரு தாளை நீட்டினார். ஏழே ஏழு கேள்வி, ஜிஏடி-7னு பேரு, 2006ல வந்தது. மொத்தம் 21 மார்க். 10ஐத் தொட்டா மேற்கொண்டு பாக்கணும். நான் 16. நல்ல மார்க் வாங்கிட்டு அழுதது வாழ்க்கையில அதுதான் மொதல் தடவை.

கிடைச்ச வைத்தியம் மூணு. கொஞ்ச காலத்துக்கு மாத்திரை. வாரம் ஒரு தடவை சைக்காலஜிஸ்டோட சிபிடி, அதாவது எண்ணத்தையும் நடத்தையையும் கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பற பேச்சு வைத்தியம். மூணாவது உடம்பு வழியா: மூச்சு, தசைத் தளர்வு, யோகா. இந்த மூணாவதைத்தான் வெளியில 'ஹோலிஸ்டிக்', 'மைண்ட் பாடி'ன்னு பெரிய பேர் வச்சு, ஊதுபத்தியெல்லாம் கொளுத்தி விக்கறாங்க. பேரை விடுங்க, உள்ள இருக்கற சமாச்சாரத்தைப் பாப்போம்.

பதற்றம் வந்தா மூச்சு வேகமா ஓடும். தேவைக்கு மேல மூச்சு வாங்கினா ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு குறையும். குறைஞ்சா விரல் மரத்துப்போகும், தலை சுத்தும், மூச்சே பத்தலைன்னு தோணும். ஐயோ என்னமோ ஆகுதேன்னு இன்னும் வேகமா மூச்சு வாங்குவோம். நம்ம பாஷையில சொன்னா, வெளிய வர வழியில்லாத லூப். இதயத்தைப் பாத்து 'மெதுவா அடி'ன்னு கட்டளை போட முடியாது. மூச்சுக்குப் போடலாம். மூச்சை வெளிய விடும்போது வேகஸ் நரம்பு வழியா இதயத்துடிப்பு கொஞ்சம் நிதானப்படும். அதனால உள்ள இழுக்கறதை விட வெளிய விடறதை நீட்டணும். நாலு எண்ணி இழு, ஆறு எண்ணி விடு. சூத்திரம் அவ்வளவுதான்.

தசைத் தளர்வும் அதே மாதிரி எளிமை. எட்மண்ட் ஜேகப்சன்னு ஒரு அமெரிக்க டாக்டர் 1929லயே இதைப் புத்தகமாப் போட்டுட்டார். கால் விரல்ல ஆரம்பிச்சு ஒவ்வொரு தசையா இறுக்கி, அப்புறம் விடணும். என் தோள் ரெண்டும் காது வரைக்கும் ஏறி உக்காந்திருக்குன்னு அன்னிக்குத்தான் எனக்கே தெரிஞ்சுது!

இப்பவும் எனக்குப் படபடப்பு வருது. ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் அலர்ட் வந்தா நெஞ்சு எகிறத்தான் செய்யுது. ஆனா இது அலை, சில நிமிஷத்துல உச்சிக்குப் போகும், அப்புறம் இறங்கும்னு தெரபியில கத்துக்கிட்டேன். அது இறங்கற வரைக்கும் பிடிச்சுக்க மூச்சு இருக்கு. வித்தியாசம் அவ்வளவுதான். எனக்கு அது பெரிய வித்தியாசம்.

'இதெல்லாம் பாட்டி வைத்தியம்'னு சொல்ற நண்பர்களுக்கு ரெண்டு ஆராய்ச்சி. ஜான் கபாட்-ஜின் 1979ல மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்துல ஆரம்பிச்ச எட்டு வாரப் பயிற்சி ஒண்ணு இருக்கு, எம்பிஎஸ்ஆர்னு பேரு. தியானம், உடம்பை ஒவ்வொரு பாகமா கவனிக்கறது, லேசான யோகா எல்லாம் சேர்ந்தது. 2022ல ஜாமா சைக்கியாட்ரிங்கற மருத்துவ இதழ்ல ஒரு ஆய்வு வந்துச்சு. பதற்ற நோய் இருக்கற 276 பேரை ரெண்டாப் பிரிச்சு ஒரு பக்கத்துக்கு இந்தப் பயிற்சி, இன்னொரு பக்கத்துக்கு எஸ்சிட்டலோபிராம் மாத்திரை. எட்டு வாரம் கழிச்சுப் பாத்தா மாத்திரைக்குப் பயிற்சி சளைக்கல.

2020ல அதே இதழ்ல இன்னொண்ணு. 226 பேர், 12 வாரம். குண்டலினி யோகா பண்ணவங்கள்ல 54 சதவீதம் பேருக்கு நல்ல முன்னேற்றம். சிபிடி எடுத்தவங்கள்ல 71. மன அழுத்தம் பத்தி வெறும் பாடம் கேட்டவங்கள்ல 33. ஆனா ஆறு மாசம் கழிச்சு மறுபடி பாத்தப்ப சிபிடி நின்னு ஆடிச்சு. யோகா அந்தப் பாடத்தை விட மேலன்னு சொல்ல முடியல.

ஆக யோகா டுபாக்கூரும் இல்ல, சர்வரோக நிவாரணியும் இல்ல. 'மாத்திரையைத் தூக்கிப் போடு, எங்க பேக்கேஜ் ஒண்ணே போதும்'னு யாராவது சொன்னா செருப்பை மாட்டிட்டு வந்துடுங்க. சாப்பிட்டுட்டிருக்கற மாத்திரையை டாக்டரைக் கேக்காம பட்டுன்னு நிறுத்தக் கூடாது.

சென்னைக்காரங்களுக்கு ஒரு பெருமையான விஷயம். ஆளுக்குத் தகுந்த யோகாங்கற வழியை இங்கேர்ந்து பரப்பினவர் டி.கே.வி. தேசிகாச்சார். 1976ல கிருஷ்ணமாச்சாரிய யோக மந்திரத்தை ஆரம்பிச்சவர். அவர் படிச்சது இன்ஜினியரிங்! (நம்மாளு.) பத்து பேருக்கும் ஒரே ஆசனம்னு இல்லாம, அவங்கவங்க உடம்பு, வயசு, மூச்சைப் பாத்துப் பயிற்சி. பதற்ற நோய்க்கு இது ரொம்ப முக்கியம். கபாலபாதி மாதிரி வேகமான மூச்சு சிலருக்கு அந்த லூப்பையே கிளப்பி விட்டுடும். கண்ணை மூடி அமைதியா உக்காந்தாலே பதற்றம் கூடறவங்களும் உண்டு. அவங்க கண்ணைத் திறந்து வச்சுக்கலாம், நடந்துக்கிட்டே பண்ணலாம். அடி, உதை பாத்து வந்த ஒரு பெண்ணை 'கண்ணை மூடு, அசையாதே'ன்னு அதட்டற ஆசிரியர், ஆசிரியரே இல்ல.

இதுவரைக்கும் எழுதினதைப் புத்தகத்துலயும் படிச்சுக்கலாம். நான் எழுத உக்காந்ததே இனிமே வர்றதுக்குத்தான்.

என் அக்காவுக்கும் இதே நோய். மதுரையில இருக்கா. ரெண்டு பசங்க, மாமனார், மாமியார், பேங்க்ல வேலை பாக்கற அத்தான். ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வந்துச்சுன்னா விடியற வரைக்கும் படபடப்பு. வீட்ல சொன்னதுக்கு "சும்மா இருந்தா இப்படித்தான் எதாவது தோணும்"னு பதில். சும்மாவாம்! காலைல அஞ்சு மணிக்கு டிகாக்‌ஷன் இறக்கறதுல ஆரம்பிச்சு ராத்திரி அடுப்பு துடைக்கற வரைக்கும் அவ உக்காந்து நான் பாத்ததில்ல.

போன்லயே அவளுக்கு அந்த நாலு-ஆறு மூச்சைச் சொல்லிக் குடுத்தேன். ஒரு வாரம் கழிச்சுக் கேட்டேன்.

"பண்றியாக்கா?"

"பண்றேன்டி. பாத்ரூம்ல உக்காந்து பண்றேன்."

"பாத்ரூம்லயா?"

"அங்கதான் கதவைத் தட்டறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் யோசிப்பாங்க."

நான் சிரிச்சேன். அவ சிரிக்கல.

ஒரே நோய், ஒரே பயிற்சி. என்கிட்ட இருந்து அவகிட்ட இல்லாதது ஒரு கதவு. நான் ரூமைச் சாத்திட்டு போனை சைலண்ட்ல போட்டா அரை மணி நேரம் யாரும் என்னைத் தேட மாட்டாங்க. அவளை அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை யாராவது தேடுவாங்க. ரிமோட், சாக்ஸ், வெந்நீர், மாத்திரை டப்பா.

மேல சொன்ன எட்டு வாரப் பயிற்சிக்கு வாரம் ரெண்டரை மணி நேர வகுப்பு, அது போக வீட்ல தினம் 45 நிமிஷம். மத்திய அரசோட 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வுப்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யறவங்கள்ல பெண்கள் அதுக்குச் செலவழிக்கறது ஒரு நாளைக்கு 289 நிமிஷம், ஆண்கள் 88 நிமிஷம். கழிச்சா 201. அக்கா மாதிரிப் பெண்கள் 45 நிமிஷத்துக்கு எங்க போறதுன்னு கேட்டா, விடை அந்த 201க்குள்ளதான் இருக்கு. மூச்சு விட நேரமில்லைன்னு நாம பேச்சுக்குச் சொல்வோம். அக்காவுக்கு அது அப்படியே உண்மை.

போன வருஷம் அவளை மதுரையிலயே ஒரு மனநல மருத்துவர்கிட்டக் கூட்டிட்டுப் போனோம். நான், அக்கா, அத்தான். பொறுமையா எல்லாம் கேட்டுட்டு அந்தம்மா மாத்திரை எழுதினாங்க. அப்புறம் அத்தான் பக்கம் திரும்பி, "சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்ல யார் இருப்பாங்க?"

"நான் வந்துடுவேன் டாக்டர். எங்கம்மாவும் இருப்பாங்க."

அதே சீட்டுல மாத்திரைக்குக் கீழ எழுதினாங்க: மாலை 6 - 6.30, தனி அறை, மூச்சுப் பயிற்சி, தினமும். கையெழுத்து, சீல்.

நான் ஆயிரம் போன் பண்ணியிருந்தாலும் அந்தச் சீட்டு பண்ணின வேலையைப் பண்ணியிருக்க முடியாது. ஓய்வுன்னு சொன்னா வீட்ல நாலு கேள்வி வரும், மருந்துன்னா வராது. இப்ப மாமியாரே வாசல்ல உக்காந்து "உங்கம்மா மருந்து எடுத்துட்டிருக்கா, உள்ள போகாதே"ன்னு பேரனை விரட்டறாங்களாம். அத்தான் டீ போடக் கத்துக்கிட்டார். (சர்க்கரை அளவு இன்னும் பிடிபடல.) மூணு மணி முழிப்பு வாரத்துல ஏழு நாள்லேர்ந்து ரெண்டு நாளாக் குறைஞ்சிருக்கு. மாத்திரையாலயா, மூச்சாலயா, இல்ல அரை மணி நேரம் யாரும் கூப்பிடாததாலயான்னு எனக்குப் பிரிச்சுச் சொல்லத் தெரியாது. அக்காவைக் கேட்டா கடைசியைத்தான் மொதல்ல சொல்றா.

சுபம்னு கார்டு போட முடியாது. தீபாவளிக்குச் சொந்தக்காரங்க வந்து இறங்கினப்ப மொதல்ல காணாமப் போனது அந்த அரை மணி நேரம்தான். பத்து நாள். முழிப்பு திரும்ப வந்துச்சு. பதினோராவது நாள் அக்கா அந்தச் சீட்டை ஜெராக்ஸ் எடுத்து ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டிட்டா. பால் கணக்கு, ஸ்கூல் டைம்டேபிள், மாமனாரோட சுகர் ரிப்போர்ட்டுக்கு நடுவுல.

அந்த நாலு பேருக்கும் பதில் இதுதான்:

1. வேலை செய்யுது. ஆனா மொதல்ல ரத்தப் பரிசோதனை, அப்புறம் டாக்டர்.

2. யார்கிட்டப் போறதுன்னே தெரியலைன்னா டெலி-மானஸ், எண் 14416. 2022 அக்டோபர்ல ஆரம்பிச்ச அரசு சேவை. இலவசம், தமிழ்லயும் பேசலாம். உயிரை விட்டுடலாம்னு நினைப்பு வந்தா ஒரு நிமிஷம்கூடத் தள்ளிப்போடாம யார்கிட்டயாவது பேசுங்க.

3. மூச்சை நல்லா இருக்கற நேரத்துல பழகுங்க. வெள்ளம் வந்தப்புறம் நீச்சல் கத்துக்க முடியாது.

4. கதவு. பயிற்சி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே அந்த அரை மணி நேரம் யார் என்ன பாத்துப்பாங்கன்னு வீட்ல பேசி முடிச்சுடுங்க. தேவைப்பட்டா டாக்டரையே சீட்டுல எழுதச் சொல்லுங்க.

இதைப் படிக்கற அண்ணன்மாருங்க, தம்பிமாருங்களுக்கு: உங்க வீட்ல யாராவது பாத்ரூம்ல ரொம்ப நேரம் இருந்தா, கதவைத் தட்டாதீங்க. அடுப்புல என்ன இருக்குன்னு போய்ப் பாருங்க.

உங்க வீட்டுக் கதையைப் பின்னூட்டத்துல சொல்லுங்க. அனானியா வந்தாலும் பரவாயில்ல.

பி.கு: அக்காகிட்டக் கேட்டுட்டுத்தான் எழுதினேன். "ஊர்ப் பேரைப் போட்டுக்கோ, என் பேரைப் போடாதே. டீ விஷயத்தைக் கண்டிப்பாப் போடு"ன்னா.